பெருவிரல் தழும்பு

பட்டறையின் கருவி அறைக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பொறுப்பு. எல்லாருக்கும் ‘ஸ்டோர் சார்’.

கோடையில் இரும்பு அளவுகோல்களில் விரல் விரலாகத் துரு பூத்தது. கருவிகளைத் துடைத்து வைக்கும் அக்காவை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, “உன் கை ராசியில்லாத கை. தொட்டதெல்லாம் துருப்பிடிக்குது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளே அவளைச் சாக்கடை கழுவ மாற்றிவிட்டார்கள். இரும்புக்கு ராசி தெரியாது. ஈரமும் உப்பும்தான் தெரியும். பள்ளியில் படித்ததுதான். பழி போட ஆள் கிடைத்த பிறகு படிப்பு யாருக்கு வேண்டும்?

அவள் போனாள், துரு போகவில்லை.

சனிக்கிழமை ஓர் அளவுகோலை அவரே மண்ணெண்ணெய் விட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். எண்ணெய் தடவ மறந்து இழுப்பறையில் போட்டார். திங்கட்கிழமை அதில் பழுப்பாக ஒரு பெருவிரல் தடம். நடுவில் சாய்வாக ஒரு வெற்றுக் கோடு. ரம்பம் அறுத்த தழும்பு, அவருடையது. அண்ணாந்து பார்த்தார். கோடை தொடங்கியபோதே நின்றுபோன மின்விசிறி. வேர்வை!

காது சுட்டது. உப்புத்தாளை எடுத்து அவசரமாகத் தேய்த்தார். தடத்தின் ஓரம் அழிந்ததும் கை நின்றது.

அளவுகோலோடு சாக்கடைப் பக்கம் போனார். “அக்கா, துரு என் கையாலதான். நீங்க ஒண்ணும் பண்ணல.”

“அட, ‘நீங்க’ எல்லாம் வருது!” அவள் நிமிரவில்லை. “என் கைய பத்தி எனக்கே சொல்றீங்களா? அன்னிக்கு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. இப்ப எதுக்கு ரகசியம்?”

தேநீர் நேரத்தில் அவர் பட்டறை நடுவே நின்றார். பெருவிரலை நீட்டியதும் வெல்டர், “என்ன சார், ரேகை ஜோசியமா?” என்றான்.

“துரு என் வேர்வையால வந்தது. அக்கா மேல அபாண்டமா பழி போட்டேன்.” விரலைத் தடத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே சிரிப்பு எழுந்தது. இந்த முறை அவருக்கு.

அக்கா கை கழுவி உள்ளே வந்து அளவுகோலை வாங்கினாள். “உப்புத்தாள் எங்க?”

அது அவர் சட்டைப் பையில் இருந்தது. தயங்கி எடுத்துக் கொடுத்தார். அவள் அழிந்த ஓரத்தைப் பார்த்தாள். பழுப்பேறிய தாளைப் பார்த்தாள்.

“பாதியில ஏன் சார் விட்டுட்டீங்க?”