வராத கடல் விளக்கு

வங்கியில் கார்ட் பிரிவுக்கு என்னை மாற்றிய முதல்நாள் மனேஜர் ஒரு புத்திமதி சொன்னார். "மிஸ், ஒன்லைனிலை வாங்கின சாமான் வரேல்லை எண்டு சனம் வந்து அழும். அழுகையைக் கேக்காதேங்கோ, ஓடர் நம்பரைக் கேளுங்கோ." ஓய்வுபெறும்வரை ஓடர் நம்பரைக் கேட்டேன். அழுகையையும் கேட்டேன். என் சுபாவம் அப்படி.

கார்டில் காசு போய்ப் பொருள் வராவிட்டால் வாடிக்கையாளர் வங்கியில் டிஸ்பியூட், அதாவது முறைப்பாடு, போடலாம். விற்றவன் அனுப்பியதை நிரூபிக்காவிட்டால் காசு திரும்பும். இதுதான் வேலை. ஆனால் வராத பொருட்களைப் பற்றியே நாள்முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் ஒரு மாதிரி மிதக்கத் தொடங்கிவிடும். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, அந்தச் சேலைகளும் செருப்புகளும் இப்போது எந்த ஊருக்கு மேலே பறந்துகொண்டிருக்குமோ என்று யோசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

யாழினி கடற்கரை ஊரான மயிலிட்டியில் ஆசிரியை. ஒருநாள் வந்து, போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். சின்ன விளக்கு ஒன்று. சுவிட்சைப் போட்டதும் அறையின் சீலிங் முழுக்க நீலத் தண்ணீர் அசைந்தது.

"அப்பா இனிக் கடலுக்குப் போகமாட்டார் அக்கா. ஆஸ்பத்திரியிலையும் வீட்டை கொண்டு போகச் சொல்லிட்டினம். கிடந்த கிடையிலை முகட்டைத்தான் பாக்கிறார். அதிலை ஒருக்காக் கடலைக் காட்டுவம் எண்டுதான் கார்டிலை காசு கட்டி இதை ஓடர் பண்ணினனான். இன்னும் வரேல்லை. ஒவ்வொரு நாளும் 'வந்திட்டுதோ' எண்டு கேக்கிறார்."

டிஸ்பியூட் போட்டேன். அவள் போன பிறகு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். வேலை நேரத்தில் செய்யக்கூடாத காரியம்தான்.

விற்றவன் எங்களுக்குப் பதில் அனுப்பினான்: பொருளைக் கொடுத்தாகிவிட்டது. அதை மறுத்து யாழினி ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நான் டிஸ்பியூட்டை வாபஸ் வாங்கப் போறன் அக்கா. வாபஸ் வாங்கினால் உடனை அனுப்புறன் எண்டு ஈமெயில் போட்டிருக்கிறான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "விசர்க்கதை கதையாதை பிள்ளை. பாங்குக்கு, சாமானைக் குடுத்திட்டன் எண்டு சொல்றான், உனக்கு இனித்தான் அனுப்புறன் எண்டு சொல்றான். ஒருக்கா வாபஸ் வாங்கினால் திருப்பிப் போடேலாது. உவன் அதுக்குத்தான் நிக்கிறான்."

"காசு போனால் போகட்டும் அக்கா. அனுப்பினாலும் அனுப்புவான். அப்பாவுக்கு நாள் இல்லை."

தகப்பனைத் தனியே விட்டுவிட்டு அவளால் வங்கிக்கு வரமுடியாது. அரைநாள் லீவு போட்டுக் கடிதத்தோடு நானே மயிலிட்டிக்குப் போனேன்.

தகப்பனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தவள், தண்ணீர்ப் பேசினை மேற்கு யன்னலடியில் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள். அறைக்குள் போனோம். பின்னேர வெயில் யன்னலால் நேராகப் பேசினுக்குள் விழுந்தது. ஃபான் காற்றில் தண்ணீர் நெளிய, சீலிங் முழுக்க வெளிச்சம் அலையலையாக ஓடியது. நான் எதற்கு வந்தேன் என்பதே கொஞ்சநேரம் மறந்துபோயிற்று.

படுக்கையில் கிடந்தவர் கண்வெட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உந்த லைட் வந்திட்டுது போலை."

யாழினி என்னைப் பார்த்தாள். பொருள் வரவில்லை என்ற கடிதம் என் கையில் இருந்தது.

"ஓமப்பா, வந்திட்டுது."

"நீரோட்டம் நல்லாய் இருக்கு," என்றார் அவர். "காத்தும் அடங்கிட்டுது. இண்டைக்குத் தொழிலுக்குப் போகலாம்."

அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "எங்கை அக்கா சைன் வைக்கிறது?"

காட்டினேன். வைத்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

காசு திரும்பி வந்தபோது அவர் இல்லை. அவர் இருந்தவரை ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பேசினை யன்னலடியில் வைத்ததாக யாழினி சொன்னாள்.

கார்ட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓடர் நம்பரைக் கட்டாயம் கேளுங்கள். அந்தப் பொருள் யாருக்கு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யாழினியின் அந்தக் கடிதத்தின் அடியில் சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். விளக்கு வரவில்லை என்பதற்கு நான் சாட்சி. அன்று அந்த வீட்டுக்குக் கடல் வந்தது என்பதற்கும் நான்தான் சாட்சி.