குடிக்காதவரின் ஈரல்

குடிக்காத மனிதரைக் குடிகாரர் என்று சொன்னவன் நான். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் டாக்டராக இருந்தேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் காதர் பாயின் ஈரல் கொழுப்பு படிந்து வீங்கியிருந்தது. குடித்தால்தான் அப்படி ஆகும் என்று படித்திருந்தேன்.

"தொட்டதே இல்லீங்க டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க பாய்," என்று சிரித்தேன். பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாத்தார் விசாரித்தபோதும் குடிதான் என்றேன். அவர் வேலை போயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின், குடிக்காதவர்களுக்கும் வரும் அதே நோய்க்குத் தனிப்பெயர் வைத்திருப்பதை மருத்துவ இதழில் படித்தேன். ஆத்திரத்தில் அதைச் சுவரில் வீசினேன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் எல்லார் முன்னும் என் தவறைச் சொன்னேன். ஜமாத்தார் வேலையைத் திருப்பித் தர முன்வந்தார்கள்.

காதர் பாய் மறுத்துவிட்டார். "நான் சொன்னப்ப நம்பல. புஸ்தகத்துல வந்தாதான் நான் யோக்கியனா?"

கடைசிவரை அவர் வேறு டாக்டரிடமே போனார். நோய்க்குப் பெயர் வரும்வரை ஒரு மனிதரை நம்ப மறுத்த என்மேல், எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.