நவாலுக்குத் தெரியாமல் ஒரு காபி மிஷின்

ஆறாவது மிஷினின் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, அதற்குள் மூக்கை விட்டு முகர்ந்துகொண்டிருந்தார் மெர்வ். "பிளாஸ்டிக் வாடை அடிக்குது. நீ பாரு இலோ" என்று என் பக்கம் நீட்டினார். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தேன். தொட்டியைத் திரும்பப் பொருத்திவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கோப்பையை எடுத்தார். காபி விழும் குழாய்க்கு அடியில் அதை வைத்துப் பார்த்தார். அது அவர் மனைவி கிளெனிஸின் கோப்பை. அந்தக் கோப்பை நுழையாத மிஷினை அவர் மறுமுறை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் இருவரையும் வாசலில் கண்டாலே, மெல்பர்னின் சிட்னி ரோட்டு மின்சாதனக் கடையின் விற்பனையாளர்கள் குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மெர்வ் மூன்று மாதமாக மிஷின் தேடுகிறார். மடக்கு அளவுகோலும் சின்ன நோட்டும் கையோடு வரும். யார் வந்து விலை சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான்: "இது உங்க வீட்டுல இருக்கா?" இல்லை என்றால் நோட்டை மூடிவிடுவார். ஒரே ஒரு பெண் மட்டும், "நான் இன்ஸ்டன்ட் காபி குடிக்கிறவ" என்று உண்மையைச் சொன்னாள். மெர்வ் அவளுக்குக் கைகொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

மெர்வ் டிரான்டருக்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்து நான்கு வருடம் டிராம் ஓட்டியவர். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியும் நேரக் கணக்கு மட்டும் அவரை விடவில்லை. முட்டை வேக ஆறரை நிமிடம், என் வீட்டு வாசலுக்கு நாற்பது வினாடி, மூலைக் கடைக்கு ஒன்பது நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு எண் வைத்திருப்பார். இளங்கோ என்ற என் பெயருக்கும் அதே கதிதான். நான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே வெட்டிச் சுருக்கி இலோ ஆக்கிவிட்டார்.

இந்தத் தேடலில் நான் எப்படி மாட்டினேன் என்றால், நான் டீ குடிக்கிறவன். மெல்பர்னில் காபி குடிக்காதவனை எல்லோரும் உடம்புக்கு முடியாதவனைப் பார்ப்பதுபோலப் பரிவோடு பார்ப்பார்கள். மெர்வுக்கு மட்டும் அது ஒரு தகுதியாகப் பட்டது. "உனக்கு எந்தப் பக்கமும் சாயத் தேவையில்ல. நீதான் நடுவுல நின்னு சொல்லணும்" என்று கூட்டிப்போவார். நான் ஒன்றும் சொன்னதில்லை, சொன்னாலும் அவர் கேட்டதில்லை. பதிலுக்கு வரும் வழியில் ஒரு சாசேஜ் ரொட்டி வாங்கித் தருவார்.

விஷயம் இதுதான். பிப்ரவரியிலிருந்து கிளெனிஸுக்கு இடுப்பு மூட்டு வலி. அதுவரை இருவரும் சேர்ந்து போய் உட்கார்ந்த நவாலின் காபிக் கடைக்கு அவரால் நடக்க முடியவில்லை. மெர்வ் தினமும் காகிதக் கப்பில் காபி வாங்கி, அதன்மேல் ஒரு கம்பளிக் காலுறையைச் சுற்றி, நடையும் ஓட்டமுமாகக் கொண்டுவருவார். "அறுபத்தி மூணு டிகிரில கிளம்புது, அம்பத்தி ஒண்ணுல வந்து சேருது" என்று வேலிக்கு மேலாக என்னிடம் புலம்புவார். ஒருநாள் கிளெனிஸ் அந்தக் கப்பை மைக்ரோவேவில் வைப்பதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. கிளெனிஸ் சமாதானமாகத்தான் சொன்னாராம்: "ஒரு வாய் சூடா குடிக்கணும் மெர்வ். வேற எதுவும் நான் கேக்கல." ஜூனில் அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு ஆறு வாரம் வீட்டோடு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது வீட்டில் மிஷின் இருந்தாக வேண்டும்.

"இதுக்கு ஏன் கடை கடையா ஏறணும்? நவாலைக் கேட்டா ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுவாங்க" என்றேன் ஒருமுறை.

மெர்வ் நடைபாதையில் நின்றுவிட்டார். "எப்படிப்பா கேக்கறது? உன்னை விட்டுட்டுப் போறேன், எந்தக் கதவு வழியா போகட்டும்னு கேக்கற மாதிரி இருக்கும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் கோபர்க் பகுதியில் ஒருவருக்கு ஒரு காபிக் கடைதான். கடை மாறினால், என்ன சண்டை என்று தெருவே கேட்கும். பதினோரு வருடமாகக் காலை ஏழு ஐந்துக்கு மெர்வின் தொப்பி சாலையைக் கடப்பது தெரிந்ததும், நவால் அவருடைய முக்கால் கப் ஸ்ட்ராங் லாட்டேயைப் போட ஆரம்பித்துவிடுவார். நவாலின் கணவர் இறந்தபோது கடை பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் மெர்வ் காபி குடிக்கவில்லை, தலைவலியோடு டிராம் ஓட்டினார். எதிர்ச்சாரியிலேயே இன்னொரு கடை திறந்திருந்தது. இதை நவாலிடம் அவர் இன்றுவரை சொன்னதில்லை. எனக்குச் சொன்னது கிளெனிஸ்தான்.

மாத்திரை மாதிரிக் குப்பி போடும் மிஷினை அவர் தொடவே இல்லை. "இது காபி இல்ல, மருந்து." கண்ணாடிக் குடுவையில் தூளைப் போட்டு மேலிருந்து அமுக்கும் பிளஞ்சர் பிடித்திருந்தது, ஆனால் அதில் கிளெனிஸுக்கு வேண்டிய பால் நுரை வராது. கொட்டை அரைக்கும் பெரிய மிஷின்கள் சமையல் மேடைக்கு மேலுள்ள அலமாரியை இடித்தன. கடைசியில் அரைக்கும் சக்கரத்தோடு ஒரு சின்ன மிஷின் சிக்கியது. அதை ஓடவிடச் சொல்லி, என்னைத் துணி துவைக்கும் மிஷின்களின் வரிசைக்கு அனுப்பினார். "அங்க சத்தம் கேக்குதா? இன்னும் தள்ளிப் போ. இப்ப?" கிளெனிஸின் தூக்கம் கெடக் கூடாது என்று பார்க்கிறார், எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன். "தெருவுல போறவங்களுக்குக் கேக்காதில்ல?" என்று அவர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நவால் தினமும் விடியற்காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் கடை திறக்கப் போவார்.

புதன்கிழமை மிஷின் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் மெர்வ் காலிப் பெட்டியை அணைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார். "உன் மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில இடம் இருக்கா? என்னுது ரொம்பிடுச்சு." அவர் தொட்டியில் ஒரு செய்தித்தாள்தான் கிடந்தது, என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குடிக்கிறார்கள், என்ன புதிதாக வாங்கினார்கள் என்பதற்கெல்லாம் வியாழக்கிழமைக் குப்பைத் தொட்டிதான் சாட்சி. பெட்டி பெரியது, மூடி சாத்தவில்லை. அப்படியே சாலையோரம் தள்ளி வைத்தோம்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும்போது நவால் கடைக்குள்ளிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். "என்ன இலோ, காபி மிஷின் வாங்கிட்ட போல?"

"ஆமா. விருந்தாளிங்க வந்தா இருக்கட்டுமேன்னு."

"நல்லது. என்ன கொட்டை போடற?"

எனக்கு ஒரு கொட்டையின் பெயரும் தெரியாது. காதெல்லாம் சூடாகிவிட்டது. நவால் பால் நுரைக்கும் ஆவிக்குழாயைத் துணியால் துடைத்தபடியே சொன்னார்: "பெட்டியில ஸ்டிக்கர் இருந்துச்சு. எம். டிரான்டர், பதினாலாம் நம்பர்."

முப்பத்து நான்கு வருடம் ஒரு சிக்னலைத் தவறவிடாத மனிதர் தன் முகவரியைக் கிழிக்க மறந்துவிட்டார்.

"வாங்கினதுல எனக்கு வருத்தமில்ல" என்றார் நவால். "இன்னிக்கும் வந்தாரு, குடிச்சாரு, மழை வரும்னாரு, போயிட்டாரு. பதினோரு வருஷம் ஆச்சு. நான் என்ன பண்ணிடுவேன்னு பயந்தாரு?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் துடைத்த குழாயையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மெர்விடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, அறுவைச் சிகிச்சை முடிந்து, கிளெனிஸ் ஊன்றுகோலோடு வீடு வந்தார். மெர்வ் தூளைத் தராசில் நிறுத்து, நேரம் பார்த்து, பழுப்புக் கோப்பையில் முதல் காபியைப் போட்டுக் கொடுத்தார். நுரை துணி துவைத்த தண்ணீரில் நிற்பதுபோல நின்றது. கிளெனிஸ் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு வாய் குடித்துவிட்டு, சற்று யோசித்து, "சூடா இருக்கு கண்ணு" என்றார். சனியும் அதே சொல்தான், ஞாயிறும் அதே சொல்தான். மெர்வ் நோட்டில் தேதி போட்டு "சூடு" என்று மட்டும் எழுதி வைத்தார்.

ஏழு ஐந்துக்கு அவர் கடைக்குப் போவது நிற்கவில்லை. போய் நவாலின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பால் ஜாடியை ஏன் சாய்ச்சுப் பிடிக்கற?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டே விட்டார். நானும் அப்போது ரொட்டி வாங்க நின்றிருந்தேன்.

"பதினோரு வருஷமா சாய்ச்சுத்தான் பிடிக்கறேன். இன்னிக்கு என்ன புதுசா கேக்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாமேன்னு" என்று மெர்வ் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டார். நவால் என்னைப் பார்த்தார். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை நவாலின் கடைக்கு விடுமுறை, எனக்கும் அன்று வேலையில்லை. அன்று காலை பத்து மணிக்கு நான் மெர்வின் சமையலறையில் ருசி பார்க்க நிறுத்தப்பட்டிருந்தேன். கிளெனிஸ் மேசையருகே இரண்டு தலையணை மேல் உட்கார்ந்திருந்தார். மெர்வ் பாலுக்கு ஆவியைத் திறந்த அதே நேரத்தில் முன்கேட் கிறீச்சிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கையில் மூடிய தட்டோடு நவால் வந்துகொண்டிருந்தார். மெர்வின் முகம் வெளுத்துவிட்டது. மிஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல், பாத்திரம் துடைக்கும் துண்டை உதறி அதன்மேல் போட்டுவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்.

நவால் நேரே கிளெனிஸிடம் போய் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். தட்டில் பாதாம் பதித்த ரவைக் கேக். மூட்டு எப்படி, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"மெர்வ், உங்க துண்டு பொகையுது."

கிளெனிஸ் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தையல் பிரிஞ்சிடும்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். மெர்வ் துண்டை எடுத்தார். ஆவி அவர் முகத்தை மறைத்தது, அது அந்த நேரத்துக்கு அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

"கிளெனிஸுக்காகத்தான் வாங்கினேன். உன்கிட்ட சொல்லிடணும்னு நாலு நாளும் கிளம்பி வந்தேன். உன்னைப் பார்த்ததும் வாய் வரல. இனிமே நீ எனக்கு வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு இருந்துச்சு. நான் பண்ணது தப்புதான்."

"தப்புதான்" என்றார் நவால். "நீங்க ஒளிச்சது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." அதைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் லேசாகிவிட்டது. சேலைத் தலைப்பைச் செருகும் நம் ஊர்ப் பெண்களின் வேகத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மிஷின் பக்கம் போனார். அரைத்த தூளை விரலிடையில் தேய்த்தார். "இது மணல். கிளெனிஸ், இதையா மூணு நாளா குடிச்சீங்க?"

"சூடா இருந்துச்சே" என்றார் கிளெனிஸ்.

நவால் அரைக்கும் திருகை, தூள் நைசாக விழும்படி, இரண்டு கட்டம் இறுக்கினார். மெர்வ் கையில் ஜாடியைக் கொடுத்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார். ஆவியின் இரைச்சல் மெல்ல அடங்கி, துணி கிழிவதுபோல ஒரு மெல்லிய ஓசை மட்டும் வந்தது. "இந்தச் சத்தத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. நாளைக்குக் காலைல நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

"ஏழு அஞ்சுக்கு நான்தான் உன் பக்கத்துல இருப்பேனே" என்றார் மெர்வ்.

பழுப்புக் கோப்பை மேசைக்குப் போனது. கிளெனிஸ் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மேலுதட்டில் நுரையோடு கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் முகத்தில் அந்த நிறைவை நான் பார்க்கவில்லை. டீக்காரனான எனக்கே ஒரு வாய் கேட்கலாமா என்றிருந்தது.

நவால் அடுத்த காபிக்குத் தூளைத் தட்டப் போனார். மெர்வ் அவரைத் தடுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ உக்காரு. உனக்கு எப்படிப் போடணும்?"

நவால் திகைத்துப் போனார். "எனக்கா?" என்றார். "நானெல்லாம் கடையில நின்னுக்கிட்டே எது மிஞ்சுதோ அதைக் குடிக்கிறவ. எப்படிப் போடணும்னு என்னை யாரும் கேட்டதில்ல." பிறகு ஒவ்வொரு விரலாக மடித்தார். "பால் வேணாம். சர்க்கரை ரெண்டு. ஏலக்காய் இருந்தா ஒண்ணு."

ஏலக்காய் என் வீட்டில் இருந்தது. நாற்பது வினாடியில் போய் எடுத்துவந்தேன். மெர்வ் அவசரப்படவில்லை. கோப்பையை வெந்நீரில் கழுவி, காபி இறக்கி, விளிம்பில் சிந்திய ஒரு சொட்டைத் துடைத்து, தட்டோடு கொண்டுவந்து நவாலின் முன் வைத்தார். கிளெனிஸ் ரவைக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். நவால் இன்னும் மடியில் கைகளை வைத்தபடியே, வேறு யாருக்கோ வந்த கோப்பையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி அவருக்கு வலப்பக்கம் இருந்தது. நவால் இடது கைக்காரர். இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. மெர்வ் குனிந்து, தட்டின் விளிம்பைப் பிடித்து, கைப்பிடி நவாலின் இடது கைக்கு வரும்வரை மெதுவாகத் திருப்பி வைத்தார்.