வரைபடத்தில் மூடப்பட்ட கட்டில் கடை

ஒரு நாள் கதவடைத்திருக்கும் கடையை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறிக்கக் கூடாது. கைப்பேசி வரைபடத்தை நடத்தும் நிறுவனத்தின் சொந்த விதி இது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் மிகத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாரும் படிக்காத விதிகளைப் படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

என் தங்கை திண்டிவனத்தில் நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை எல்லாம் வாடகைக்கு விடுகிறாள். கணவர் போன பிறகு அவளே நடத்துகிறாள். வேறு வருமானம் இல்லை. உள்ளூர்க்காரர்கள் நேரில் வருவார்கள். மீதி வியாபாரம் கடல் தாண்டி வரும். கோட்டக்குப்பத்தில் அம்மா விழுந்துவிட்டார் என்று தெரிந்ததும், வளைகுடாவில் இருக்கும் மகன் கைப்பேசியில் தேடுவான். இவள் கடை மேலே வரும். அன்றைக்கே கட்டிலை ஏற்றி அனுப்புவாள்.

புரட்டாசி அமாவாசைக்குப் பிறகு அந்த அழைப்புகள் நின்றுபோயின. நான் தேடிப் பார்த்தேன். கடையின் பெயருக்குக் கீழே சிவப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’. அதற்குச் சாட்சியாக யாரோ ஏற்றிய படம்: இறங்கிய ஷட்டர், பெயர்ப்பலகையை முழுக்க மறைத்துக்கொண்டு ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ்.

அமாவாசைதோறும் அவள் கடையை அடைத்துவிட்டு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவாள். தெருவுக்கே தெரிந்த விஷயம் என்பதால் அந்த விடுமுறையை வரைபடத்தில் குறித்ததே இல்லை. துபாய்க்கு எப்படித் தெரியும்? ஃப்ளெக்ஸ் பின் தெருவில் இறந்த ஒரு பெரியவருடையது. சாவு விழுந்தால் எந்தக் கடையின் நெற்றியிலும் ஏறும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் கைவைக்க மாட்டார்கள். படம் எடுத்த வெளியூர்க்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒரு போன் போட்டுக்கூட விசாரிக்காமல் வரைபட நிறுவனத்தார் அதை ஏற்றுக்கொண்டார்களே, அதுதான் குறை. என் பணிக்காலத்தில் எந்த இறப்புச் சான்றிதழும் இவ்வளவு வேகமாகக் கிடைத்ததில்லை.

தங்கை, விழுப்புரத்திலிருந்து வலைத்தளம் அமைத்துத் தருபவர் ஒருவரை வரவழைத்தாள். வரைபடத்தில் உள்ள பழைய பதிவை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கலாம் என்றார் அவர். கடைப் பெயரிலேயே ‘நம்பர் ஒன் மெடிக்கல் காட் திண்டிவனம் ஒலக்கூர் கிளியனூர்’ என்று ஊர்களைக் கோத்துவிட வேண்டுமாம். ஐந்து நட்சத்திரம் போட உறவினர்கள் போதுமாம். அவர் காட்டிய மாதிரி வலைத்தளத்தில் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பலகையில் உள்ள பெயர்தான் வரைபடத்திலும் இருக்க வேண்டும், உறவினர் போடும் நட்சத்திரம் செல்லாது என்று விதியைச் சொன்னேன்.

“சார், ரூல் பாத்துக்கினு இருந்தா ஒரு கடைகூட மேல வராது.”

“வர வேணாம்.”

அவர் போனதும் தங்கை என்மேல் பாய்ந்தாள். “உனக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. என்னை உயிரோட பாடை கட்டி வெச்சிருக்கான், நீ ரூல் பேசிக்கினு கீற.”

நியாயமான கோபம். ஆனால் ‘கட்டில் வந்த அன்றுதான் அப்பா தூங்கினார்’ என்று யாரோ ஒரு மகன் எழுதியது பழைய பதிவில்தான் இருந்தது. உயிரோடு இருப்பவள் எதற்கு வேறு பெயரில் பிறக்க வேண்டும்? நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்தேன்.

தெரு, பெயர்ப்பலகை, உரிமையாளர் சாவி போட்டுக் கடையைத் திறப்பது, எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாகக் கேட்டார்கள். பலகையை இன்னும் ஃப்ளெக்ஸ் மறைத்துக்கொண்டிருந்தது. இறந்தவரின் மகனிடம் நாங்கள் இருவரும் போனோம். துக்கத் தாடியோடு உட்கார்ந்திருந்தவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அப்பா கடைசிவரைக்கும் அக்கா கடைக் கட்டில்லதான் சார் படுத்துக்கினு இருந்தாரு. அதான் அங்க கட்டுனோம். அவுக்க வேணாம், நான் தூக்கிப் புடிச்சிக்கறேன்.”

அப்படியே கடைக்கு வந்து ஸ்டூல்மேல் ஏறி, ஃப்ளெக்ஸில் இருந்த அப்பாவின் முகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். கீழே பலகை தெரிந்தது. தங்கை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தாள். வெட்டாமல் எடுத்து அனுப்பினேன்.

பெற்றுக்கொண்டோம் என்று இயந்திரம் ஒரு வரி எழுதியது. பிறகு மௌனம். அவர்களுடைய விதியை அவர்களுக்கே மேற்கோள் காட்டி விடாமல் எழுதினேன். கடைக்கு ஒரே பக்கத்தில் ஒரு வலைத்தளமும் செய்தோம்: எங்கள் கட்டிலின் படம், வாடகை, போகும் ஊர்கள், விடுமுறை நாட்கள், அவள் குரலில் ‘கடை தொறந்துதான் இருக்குது, போன் பண்ணுங்க.’ தீபாவளி போனது. வாடகைக்குப் போகாத கட்டில்கள் சுவரோரம் அடுக்கி நின்றன. விழுப்புரத்துக்காரர் மறுபடி அழைத்தபோது தங்கையே பேசினாள்: “நான் இன்னும் சாவலைங்க. புதுசா எதுக்குப் பொறக்கணும்?”

கடைசியில் நிறுவனத்திடமிருந்து வந்த பதில் ஒரே வரி: மறுபரிசீலனை முடிந்தது, கடை திறந்திருப்பதாகக் காட்டப்படும். வருத்தம் தெரிவிக்கவில்லை, கையொப்பமும் இல்லை. அலுவலகப் பழக்கத்தில் அச்செடுத்து மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: காணும் பொங்கல்.