காத்தாயி வீட்டுக் கஞ்சி

குளத்தூருக்கு வடக்கே ஓலைப்பட்டியில் காத்தாயிக்கு இருந்தது நாற்பது குழி வயல். புருஷன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊர்க் கண்மாயில் பங்குள்ள இருபத்து மூன்று வீடுகளில் அவள் வீடும் ஒன்று. உடைந்த கரையில் எந்த வீடு மண் போடுகிறதோ, அந்த வீட்டுக்கே வயலுக்குப் பாய்ச்சத் தண்ணீர் முறை. கூடை தூக்க ஆளில்லாத வீடு வேறு யாரையும் அனுப்பலாம். ஆனால் அவர் அன்று காலை அந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்திருக்க வேண்டும்.

1943, ஐப்பசி 22. விடியற்காலையில் கரை பதினெட்டு முழம் உடைந்தது. பதின்மூன்று வீடுகளில் ஆண்கள் குளிர்காய்ச்சலில் கிடந்தார்கள். மூன்றாம் நாள், சாலையோரம் முகாமிட்டிருந்த பட்டாளத்திலிருந்து பதினாறு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். கரையில் நின்ற ஒருவரும் வழிவிடவில்லை.

"ஒத்தாசைக்குத்தாங்க வந்திருக்கோம்" என்றார் ஹவில்தார் இன்னாசி. அவர் தமிழர்தான்.

"சர்க்கார் ஆளு மண்ணு போட்டா, நாளைக்குத் தண்ணியும் சர்க்காருதும்பாங்க. நாங்க எங்கிட்டுப் போறது?" என்றார் ஊர்த் தலைவரான அம்பலம் ரெங்கசாமி.

"அடுத்த மழையில மிச்சக் கரையும் போயிருமே!"

கரை அடைபடாவிட்டால் காத்தாயியின் பயிர் கருகிவிடும். அவள் முன்னே வந்தாள்.

"தம்பி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி, ஆத்தா."

"அது முகாம் சாப்பாடு, செல்லாது. எங்க வீட்டுல வந்து கஞ்சி குடிங்க. அப்புறம் நீங்க எங்க வீட்டு ஆளு."

"ஏ காத்தாயி, பட்டாளத்தான வீட்டு ஆளாக்குறியா?" என்றார் ரெங்கசாமி.

"ஒங்க வீட்டுலயும் ரெண்டு பிள்ளையும் போர்வைக்குள்ளதானே கெடக்கு? போயி ஒருத்தருக்குக் கஞ்சி ஊத்துங்க, அம்பலாரே."

கூட்டம் சிரித்தது. ரெங்கசாமிதான் முதலில் வீட்டுக்கு நடந்தார், ஒரு சிப்பாயைக் கூட்டிக்கொண்டு.

அவர் வீட்டோடு சேர்த்துப் பதின்மூன்று வீடுகள் ஆளுக்கொருவரை அழைத்துப்போயின. மிஞ்சிய மூவரும் காத்தாயிக்கு. அவளிடம் இருந்த கேப்பைக் கஞ்சி இரண்டு பேருக்குத்தான் காணும். அந்த மூவரில் இன்னாசி மட்டுமே மூன்று செம்பு குடித்து, இன்னொரு மோர்மிளகாயும் கேட்டார். அன்று அவள் வெறும் பச்சைத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரைக்கு வந்து, "எங்க வீட்டு ஆளு மூணு, எண்ணிக்கங்க!" என்று சத்தம் போட்டாள்.

நாலு நாள், நாலு காலைக் கஞ்சி, உடைப்பு அடைபட்டது. கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தது.

மார்கழி 9 அன்று தண்ணீர் முறை பிரித்தார்கள். "ஒனக்கு மூணு ஆளு மண்ணு போட்டிருக்கு. மூணு முறை கேப்பியோ?" என்றார் ரெங்கசாமி, கொஞ்சம் பயத்தோடு.

"நாப்பது குழியில மூணு முறைத் தண்ணிய எங்கிட்டுங்க வைக்கிறது? ஒண்ணு போதும். ஆனா மொத முறை எனக்கு."

மண்வெட்டியோடு அவள் வாய்க்காலுக்கு இறங்கிவிட்டாள்.