யானை திருத்திய அந்தமான் திட்டம்

போன மார்கழியில் நடந்தது இது. தை முகூர்த்தப் புடவைகளை நெய்து கொடுத்த கையோடு, நானும் கணவரும் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பினோம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எங்கள் முதல் பயணம். மைசூர் பக்கத்துக் காட்டில் சஃபாரி, அது முடிந்ததும் அந்தமானில் நாலு நாள்.

கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நூலையே பார்த்துக்கினு கண்ணு பூத்துப் போச்சும்மா. அங்க ரெண்டு நாளாவது கடலைப் பார்த்துக்கினு சும்மா கெடக்கணும்."

நான் விட்டால்தானே! அவ்வளவு தூரம் போய்ச் சும்மா உட்காருவதா? மூணு தீவு, கண்ணாடிப் படகு, கடலடி நடை என்று நிமிஷம் விடாமல் பட்டியல் போட்டேன். அந்தமான் படகுக்காரருக்கு, சஃபாரி போகும் அன்று மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதனால் சஃபாரி ஜீப்பிலும் அந்தத் தாளும் பேனாவுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கணவர் மானைக் காட்டினார், மயிலைக் காட்டினார். "இருங்க" என்றேன், தலை நிமிராமல்.

திடீரென்று ஜீப் நின்றது. என் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு கொம்பன் யானை! பழக்க தோஷம் பாருங்கள். கோவில் யானைக்குப் பழம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கியே வளர்ந்தவள் நான். பையிலிருந்த வாழைப்பழத்தைக் கை தானாக எடுத்து நீட்டியது, தலை தானாகக் குனிந்தது.

"அம்மா, கை உள்ள! ஆடாதே!" என்று ஓட்டுநர் உடைந்த தமிழில் கிசுகிசுத்தார். கணவர் என் கையை மெல்ல உள்ளே இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பழம் நழுவிக் கீழே விழுந்தது.

துதிக்கை என் தலைக்கு மேல் வந்து நின்றது. சூடான மூச்சு முடியைக் கலைத்தது. செத்தோம் என்றே நினைத்தேன். அது பழத்தைத் தொடவில்லை, எங்களையும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூங்கிலுக்குள் போனது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சத்தமில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நின்ற அத்தனை நேரமும் நான் செய்தது அதைப் பார்த்தது மட்டும்தான். அப்படி எதையும் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

காட்டைவிட்டு வெளியே வந்ததும் படகுக்காரருக்குப் போன் போட்டு, எல்லாம் வேண்டாம் என்றேன்.

"நெஜமாவாமா?" என்றார் கணவர், நம்பாமல்.

அந்தமானில் நாலு நாளும் ஒரே கடற்கரைதான். முதல் நாள் காலையில் பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டே இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். நானோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாகத் தறியில் குனிந்த கோலத்திலேயே நான் கண்ட அந்த முகம், நிமிர்ந்தால் இவ்வளவு அழகா என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.