ஒருவரும் சாகாத மூன்றாம் பாகம்

ஒட்டுசுட்டானுக்கு இடம்பெயர்ந்து வந்தபோது அண்ணா அரிசி மூட்டையை விட்டுவிட்டு, வீடியோ டெக்கையும் சின்ன ரீவியையும் தலையணைகளுக்கு நடுவில் கட்டிக் கொண்டுவந்தார். அம்மா அதற்காக மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஞாயிறு மத்தியானங்களில் அவவும் எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டா.

மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் கிடைக்கிற கிழமை ஜெனரேற்றர் ஓடும். துணுக்காயில் ஒரு சிநேகிதரிடமிருந்து அண்ணா சைக்கிளில் வீடியோ கசற் கொப்பி எடுத்துவருவார். அப்படி வந்ததுதான் தகர முகமூடிக்காரன் என்ற ஆங்கிலப் படம். முதல் பாகத்தில் அவன் ஒரு விடுதியில் எல்லாரையும் வெட்டிக் கொல்கிறான்; ஒரு பெண் மட்டும் தப்புகிறாள். இரண்டாம் பாகத்தில் இன்னும் கூடப் பேரை வெட்டினான். அக்கம்பக்கத்தார் எங்கள் கொட்டிலுக்குள் நெருக்கியடித்து இருந்து பார்த்தார்கள்.

மூன்றாம் பாகத்தில் அவன் வரவேயில்லை. தப்பிய அந்தப் பெண் ஒரு பெயிண்ட் கடையில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்து கதவுப் பூட்டை மூன்றுதரம் இழுத்துப் பார்க்கிறாள். சமைக்கிறாள். கடைசியில் ஒரு நாள் யன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிறாள். அவ்வளவுதான்.

"என்னடி படம் இது? ஒருத்தரும் சாகேல்லையே!" என்றார் அண்ணா.

"செத்தவையைப் பற்றித்தானே எல்லாரும் படம் எடுக்கினம். தப்பினவள் பிறகு என்ன செய்தவள் எண்டு ஆர் எடுத்தவை?" என்றேன் நான்.

"தப்பினவள் சமைச்சுச் சாப்பிட்டவள். அதுக்கேன் எங்கட மண்ணெண்ணெய்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது, ரோசம் வந்துவிட்டது. குசினி வரைக்கும் அவருக்குப் பின்னால் போய் வாதாடினேன். அம்மாகூட என் பக்கம் நிற்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் பக்கத்துக் காணி அக்கா வந்தா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். சண்டையில் புருஷனைப் பறிகொடுத்து வந்தவ. முதலிரண்டு பாகங்களையும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சிலுவை போட்டபடியே பார்த்தவ.

"தம்பி, அந்தப் பிள்ளை கதவைப் பாக்கிற இடத்தை ஒருக்காப் போடுவியளோ?"

அண்ணா என்னைப் பார்த்தார். எழும்பிப்போய் ஜெனரேற்றரை இழுத்தார்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தா. கடைக்காரரோடு அந்தப் பெண் கதைக்கும் இடத்தில், "என்ன சொல்லுறா, பிள்ளை?" என்று கேட்டா.

எனக்கு விளங்கவில்லை. ஏதோ பெயிண்ட் காய எவ்வளவு நேரமாகும் என்பதுபோலத்தான் கேட்டது. ஆனால் என் வாய் வேறொன்றைச் சொன்னது. "சத்தம் கேட்டால் இப்பவும் முழிப்பு வருதாம். ஆனா பிறகு நித்திரை வருதாம்."

"ஓம். அப்பிடித்தான்," என்றா அக்கா. "எனக்கும் இப்ப கொஞ்சம் வருது."

என் அளவு ஆங்கிலம் அண்ணாவுக்கும் தெரியும். அவர் ரீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொப்பியை அந்தக் கிழமையே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அண்ணா சைக்கிள் ரியூப்பைக் காரணம் சொல்லி ஒரு மாதம் வைத்திருந்தார். அக்கா இன்னும் இரண்டு தரம் வந்து பார்த்தா. கடைசித்தரம் தன் தங்கச்சியையும் கூட்டிவந்து, கதை முழுவதையும் தானே சொல்லிக்கொடுத்தா.

கொப்பியைச் சைக்கிளில் கட்டும்போது அண்ணாவிடம் கேட்டேன், "இப்பவாவது ஒத்துக்கொள்ளுங்கோ, நல்ல படந்தானே?"

"கூடாத படம்," என்றார். "நாலாம் பாகம் இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு வாறன்."